உபதேசியார் எழுதிய சாபச் சீட்டுகள்

வரகனேரியில் யாருக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும், டாக்டருக்கும் போலீசுக்கும் காரணம் புலப்படுவதற்கு முன்னால் சகாயநாதன் உபதேசியாருக்குப் புலப்பட்டுவிடும். காரணம் எப்போதும் ஒன்றுதான். கடவுள் ஒன்று சொல்லியிருப்பார். அந்த ஆள் வேறொன்று செய்திருப்பான். அவர் என்ன சொன்னார், இவன் என்ன செய்தான் என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. அதற்கு உபதேசியாருக்கு அரை மணி நேரம் போதும். நடுவில் ஒரு டம்ளர் காப்பி கிடைத்தால் கால் மணி.

பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த பிச்சமுத்துவுக்கு ஒருநாள் விரல் நசுங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்தவனை உபதேசியார் விசாரித்தார்.

"போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு என்ன செஞ்சே?"

"பக்கத்து வீட்டு சைக்கிளுக்குச் செயின் மாட்டிக் கொடுத்தேங்க."

"எந்தக் கையாலே?"

"செயினுன்னா ரெண்டு கையாலேயுந்தான் மாட்டணும்."

"ரெண்டு கைக்கும் சேர்த்து ஒரே விரலோடே விட்டாரே, அவர் இரக்கத்தை நெனச்சுப் பாரு" என்று சொல்லி, உருக்கமாக ஒரு ஜெபமும் செய்துவிட்டுப் போனார். பிச்சமுத்துவுக்கு அன்றிரவு விரல் வலி குறைந்து மனசு வலிக்க ஆரம்பித்தது.

பத்தொன்பது வருஷமாக அந்தச் சிறிய சபைக்கு அவர்தான் உபதேசியார். அவருக்கு மேலே மாசிலாமணி ஐயர் இருந்தார். சபைக் குருவை அங்கே ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அவர் மாதத்தில் பாதி நாள் மணப்பாறை, துறையூர் என்று கிராமச் சபைகளைச் சுற்றப் போய்விடுவார். ஆகையால் பிரசங்க பீடம் பெரும்பாலும் சகாயநாதனுடையதாகவே இருந்தது. அவருடைய பிரசங்கம் எங்கே ஆரம்பித்தாலும் யாராவது ஒருவர் செத்துத்தான் முடியும். திரும்பிப் பார்த்தவள் உப்பானாள். திருடிக் கூடாரத்தில் புதைத்தவன் கல்லெறிபட்டான். காணிக்கைப் பணத்தில் பொய் சொன்னவன் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தான். சொல்லும்போது உபதேசியாரின் குரல் தழுதழுக்கும். கண்ணில் நீர் வரும். செத்தவர்கள்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதுவருஷத்தன்று காலை ஆராதனையில், வேதவசனங்கள் எழுதிய சீட்டுகளை ஒரு தட்டில் போட்டுப் பீடத்தின் முன்னால் வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவராக வந்து கண்ணை மூடி ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் அந்த வீட்டுக்குக் கொடுக்கும் வாக்கு அதுதான். உபதேசியார் அதை உரக்க வாசிப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோற்றுப் பருக்கை தடவிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

ஒரு வருஷம் ஒருவர், தன் சீட்டிலிருந்த வசனம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். மாசி மாதம் அவருடைய எருமை செத்தது. உபதேசியார் அதை வைத்து மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். "கடவுள் கொடுத்த சீட்டை மாத்தினவன் கதி பார்த்தீங்களா?" எருமைக்கு வயசு பதினெட்டு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்து டிசம்பரில், துறையூருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஐயர் சொன்னார்: "அறுபது சீட்டு எழுதி வச்சிடுங்க. எல்லாம் நல்ல வாக்குத்தத்தமா இருக்கட்டும். வருஷம் பொறக்கறப்போ ஜனங்க மனசு குளிரணும்."

உபதேசியார் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, நரைத்த மீசையைத் தடவியபடி உட்கார்ந்தார். நல்ல வாக்குத்தத்தம், நல்ல வாக்குத்தத்தம் என்று வருஷாவருஷம் வெல்லத்தைக் கொடுத்துக் கொடுத்துத்தானே இந்த ஜனங்கள் இப்படி இருக்கிறார்கள் என்று தோன்றியது. மோசே தன் ஜனங்களுக்குச் சொன்ன ஆசீர்வாதமும் சாபமும் அடங்கிய அந்த நீண்ட அதிகாரத்தைப் பிரித்தார். கீழ்ப்படிந்தால் வரும் நன்மைகளுக்குப் பதினாலு வசனம். கீழ்ப்படியாவிட்டால் வருகிற கேடுகளுக்கு ஐம்பத்து நாலு. எண்ணி முடித்ததும் அவருக்கு மெய் சிலிர்த்தது. இந்த விகிதாசாரம் கடவுளுடையது. இதை மாற்ற நான் யார்?

அதே கணக்கில் பன்னிரண்டு ஆசீர்வாதமும் நாற்பத்தெட்டுச் சாபமுமாக அறுபது சீட்டை எழுதி முடித்தார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. எட்டிப் பார்த்த மனைவி ராகேலம்மாள், "ஐயர் இதையா எழுதச் சொன்னாரு?" என்றாள்.

"ஐயர் சொன்னதுக்கு மேலே ஒருத்தர் சொல்றாரு" என்றார் உபதேசியார்.

புதுவருஷக் காலையில் புதுப் புடவையும் சலவை வேட்டியுமாகச் சபை நிறைந்திருந்தது. முதலில் பிச்சமுத்து வந்து எடுத்தான். அவனுடைய மாட்டை அவன் கண் முன்னாலேயே அறுப்பார்கள், அதில் அவனுக்கு ஒரு துண்டும் கிடைக்காது என்று சீட்டுச் சொன்னது.

"என்கிட்டே மாடு இல்லீங்களே" என்றான் பிச்சமுத்து.

"வரும்" என்றார் உபதேசியார்.

அடுத்து வந்தவருக்குக் கொள்ளைநோய். அதற்கடுத்தவருக்குச் சொறி. கல்யாணமாகி நாலு மாதமான ஒருவனுக்கு, பெண்டாட்டி வேறொருவனுக்குப் போவாள் என்று வந்த வசனத்தைக் கேட்டு அவன் மாமியார் வெளியே எழுந்து போனாள். பீடத்தில் நின்ற ஐயருக்கு முகம் வெளுத்தது. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

ஏழாவதாக வந்தவள் மாரியாயி. ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அப்போது அவளுக்கு வேறொரு பெயர் வைத்தார்கள். காந்தி மார்க்கெட் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மார்க்கெட்டில் கீரை எடுத்து, கூடையில் சுமந்து, காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் இருபத்திரண்டு வீடுகளுக்கு வாடிக்கையாகக் கொடுப்பவள். எழுத்து தெரியாது. சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

உபதேசியார் வாசித்தார். அவளுடைய கூடை சபிக்கப்பட்டது என்றிருந்தது. மாப்பிசைகிற தொட்டியும் கூடவே.

மாரியாயி சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

கடைசியில் ராகேலம்மாள் எடுத்தாள். புருஷன் வாசிக்கக் காத்திராமல் தானே படித்தாள். "வீட்டைக் கட்டுவியாம், அதிலே குடியிருக்க மாட்டியாம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பதினோரு வருஷமாக ஒழுகும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மனுப்போட்டு மனுப்போட்டு, அப்போதுதான் சபைக்குப் பின்னால் உபதேசியாருக்கென்று ஓட்டு வீடு ஒன்று எழும்பி, சுண்ணாம்பு அடித்து நின்றது. மறுநாள் குடி போவதாக இருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் அவரைத் தனியே அழைத்தார்.

"என்ன உபதேசியாரே, இது?"

"வேதத்திலே உள்ளதுதானுங்களே."

"உள்ளதுதான். மோசே அதை ஒரு ஜனத்துக்கே நிக்கவச்சுச் சொன்னார். வாழ்வும் இருக்கு, சாவும் இருக்கு, வாழ்வைத் தேர்ந்தெடுத்துக்கோன்னு கெஞ்சினார். கண்ணை மூடிக்கிட்டுச் சீட்டெடுக்கச் சொல்லலை."

ஐயர் வெளியே வந்து, சீட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறோம் என்றார். ஒருவரும் அசையவில்லை. சீட்டை மாற்றினால் என்ன ஆகும் என்று அந்தச் சபைக்குத் தெரியும். மூன்று ஞாயிறு கேட்டிருக்கிறார்கள். அவரவர் சாபத்தை அவரவர் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஐயருக்கு மறுபடியும் துறையூர் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை வந்து பேசிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை ராகேலம்மாள் சட்டி பானைகளைக் கட்டி வைத்தாள். உபதேசியார், "அவசரம் என்ன?" என்றார்.

"பயமா இருக்கா?"

"பயம் எதுக்கு?"

"எழுத்து உங்களுதுதானே?"

"எழுத்து என்னுது. வார்த்தை அவருது."

"ஒழுகறது என் தலைமேலே" என்று சொல்லி அவள் மூட்டையை அவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவள்தான் மாரியாயி சங்கதியைக் கொண்டுவந்தாள். புதுவருஷத்திலிருந்து மாரியாயி கூடையைத் தொடவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் அன்றைக்கு வீடு வீடாக உபவாசம். மறுநாள் துவாதசி விடிந்ததும் உபவாசம் முடிக்கும் பாரணைக்கு அகத்திக்கீரை இல்லாமல் இலையில் உட்கார மாட்டார்கள். ஏகாதசி சாயங்காலத்துக்குள் அகத்தி கொண்டு வராத கீரைக்காரியை அந்த வீதிகளில் அப்புறம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பத்து வருஷ வாடிக்கை ஒரே நாளில் போய்விடும்.

உபதேசியார் கிளம்பிப் போனார். ஒண்டிக் குடிசை. கூடை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு நேர்மேலே சுவரில் அவருடைய முத்து முத்தான எழுத்து.

"மாரியாயி, அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. கூடைன்னு சொன்னா மனசுன்னு அர்த்தம்."

"அப்போ மனசுன்னே சொல்லியிருப்பாருங்களே. அவருக்குச் சொல்ல வராதுங்களா?"

"அது அந்தக் காலத்துக் கூடை."

"இது எங்காத்தா காலத்துக் கூடைங்க."

"சரி, வேற கூடை ஒண்ணு வாங்கிக்கோயேன்."

மாரியாயி அவரை வருத்தத்தோடு பார்த்தாள். "கூடாரத்துக்குள்ளே குழிதோண்டிப் புதைச்சதையே கண்டுபிடிச்சவருக்குப் புதுக்கூடை தெரியாமப் போயிடுமாங்க? நீங்க அழுதுகிட்டே சொன்னீங்களே, பொம்பளை பிள்ளையெல்லாம் சேர்த்து அடிச்சாங்கன்னு."

உபதேசியார் வாசல் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏங்க இன்னும் புதுவீட்டுக்குப் போகலை?" என்று அவள் கேட்டாள்.

"மார்கழி மாசத்திலே யாராவது வீடு குடி போவாங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"அது எங்க பழைய ஆளுங்க வழக்கமில்லீங்களா? நாள் பார்க்கறது பாவம்னு நீங்கதானே அந்தப் பஞ்சாங்கத்தை அடுப்பிலே போடச் சொன்னீங்க. நீங்க புதுவீட்டுலே பால் காய்ச்சுங்கய்யா. நான் கூடையைத் தொடறேன்."

உபதேசியார் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் ஐயர் வந்தார். ராகேலம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள், பஞ்சாங்கம் உட்பட.

"நாளைக்கு நீங்கதான் பிரசங்கம்" என்றார் ஐயர். "என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்."

"என் சொல்லுக்கு அப்புறம் யாருங்க மதிப்புக் கொடுப்பாங்க? பத்தொன்பது வருஷங்க."

"அந்தம்மா சாப்பிட்டு மூணு நாளாச்சு உபதேசியாரே."

"அப்படியே அவ மனசு மாறினாலும், நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. ஓய்வுநாள்லே கூடை தூக்கச் சொல்றதா?"

"குழியிலே விழுந்த மாட்டை ஓய்வுநாள்லேயும் தூக்கலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு" என்றார் ஐயர். "தள்ளிவிட்டது நீங்க. தூக்கறதும் நீங்கதான்."

ஐயர் போனபின் உபதேசியார் வேதத்தைத் திறந்தார். தன்னைக் காப்பாற்ற ஏதாவது ஒரு வசனம் அகப்படாதா என்றுதான் திறந்தார். அகப்பட்டது ஒரு பழைய கதை. ஓர் இளம் தீர்க்கதரிசியிடம் கடவுள், அந்த ஊரில் சாப்பிடாதே என்று சொல்லி அனுப்புகிறார். அந்த ஊர்க் கிழத் தீர்க்கதரிசி ஒருவன் வந்து, தேவதூதன் என்னிடம் வேறு மாதிரிச் சொன்னான், வா சாப்பிடலாம் என்கிறான். அது பொய். இளையவன் நம்பிச் சாப்பிடுகிறான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றுபோடுகிறது. உபதேசியார் இந்தக் கதையை முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். சிங்கம் பாய்கிற இடத்தில் இரண்டு கையையும் விரிப்பார். முன்வரிசைப் பெண்கள் பின்னால் நகர்வார்கள். ஆனால் இத்தனை வருஷமும் அவர் சிங்கத்தின் பக்கத்திலிருந்தே அந்தக் கதையைச் சொல்லி வந்தார். கடவுள் சொல்லாததைக் கடவுள் சொன்னதாகச் சொன்ன அந்தக் கிழவன் யார் என்று நின்று பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். கிழவனுக்கு நரைத்த மீசை இருந்தது. கோட்டுப் பையில் ஒரு பேனா இருந்தது.

சகாயநாதன் அழுதார். இந்தத் தடவை கேட்க யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறியதும் எல்லோரும் யார் சாகப்போகிறார்கள் என்று காத்திருந்தார்கள். அவர் கட்டைக் குரலில் பேசினார்.

"ஐயர் என்னை நல்ல வாக்கு எழுதச் சொன்னாரு. நான் கீழ்ப்படியலை. எனக்கு உங்க எல்லார் மேலேயும் கோவம் இருந்தது. அந்தக் கோவத்தை எழுதிட்டு, கடவுள் கோவம்னு வாசிச்சேன். உங்க வீட்டுச் சுவர்லே ஒட்டியிருக்கறது என் கோவம். கிழிச்சுப் போட்டுடுங்க. செத்த எருமைக்குப் பதினெட்டு வயசு."

சபையில் நிம்மதியடைந்தவர்கள் சிலர், ஏமாந்தவர்கள் பலர். பிச்சமுத்து எழுந்து, "அப்போ என் விரலுங்க?" என்று கேட்டான்.

"அது மிஷினு."

"சும்மா மிஷினா?" என்றான் பிச்சமுத்து. இரண்டு வருஷமாகக் கடவுளே நேரில் கவனித்த விரல் அது. அவனுக்கு என்னவோ பறிபோனது போலிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து மாரியாயி எழுந்தாள். நாலு நாள் பட்டினியில் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கிக் கடவுள் சொன்னாருன்னு வாசிச்சதும் நீங்க. இன்னைக்கி நான்தான் எழுதினேன்னு சொல்றதும் நீங்க. எது பொய்யின்னு படிக்காதவ எப்படிங்க கண்டுபிடிப்பேன்?"

உபதேசியார் வேதப் புத்தகத்தைப் பிரித்தார், மறுபடியும் மூடினார்.

"நீங்க தூக்கிக் காட்டுங்க" என்றாள் மாரியாயி. "துறையூர் அழகிரி வண்டியிலே என் அகத்திக்கட்டு வந்து எறங்கியிருக்கும். ஸ்ரீரங்கம் வரைக்கும் நீங்க சுமங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அது உங்க சீட்டுதான், கடவுள் சீட்டில்லே. அப்புறம் நான் வாங்கிக்கறேன்."

"ஞாயித்துக்கிழமையா?" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். உபதேசியார் ஐயரைப் பார்த்தார். ஐயர் ஜன்னலைப் பார்த்தார்.

வாசலில் ராகேலம்மாள் புருஷனுடைய கோட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். "நீங்க கூடையோட போங்க. நான் பால் பானையோட புதுவீட்டுக்குப் போறேன். ஆண்டவரு எங்கே வந்து கேக்கறாருன்னு பார்ப்போம்."

காந்தி மார்க்கெட்டில் அறுபது கட்டு அகத்தியைக் கூடையில் அடுக்கினார்கள். கிழிந்த துணியைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள் மாரியாயி. வண்டிக்கார அழகிரியும் பிச்சமுத்துவும் கூடையைத் தூக்கி ஏற்றியபோது உபதேசியாரின் கழுத்து தோளுக்குள் போய்த் திரும்பி வந்தது. சபையில் பாதி ஜனம் பின்னாலேயே நடந்தது. பிச்சமுத்து மட்டும், இடி விழுந்தால் தன்மேல் தெறிக்காத தூரமாகப் பார்த்து நடந்தான். இப்ராஹிம் பார்க் தாண்டும்போது வெயில் தாங்காமல் பலர் கழன்றுகொண்டார்கள். சிந்தாமணிக்கு வருவதற்குள் கடவுள் ஒன்றும் செய்யப் போவதில்லை என்று தெரிந்து மற்றவர்களும் திரும்பிவிட்டார்கள்.

பாலத்தில் எதிரே சொர்க்கவாசல் சேவித்துவிட்டுத் திரும்பும் கூட்டம் அலை அலையாக வந்தது. அகத்திச் சாறு நெற்றியில் வழிந்தது. கீழே காவேரி ஓடியது. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பாவத்தை நினைத்துக்கொண்டு நடக்கலாம் என்று உபதேசியார் ஆரம்பித்தார். மூன்றாவது தூணுக்குமேல் கழுத்து வலியைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தலையை ஆட்டாதீங்க. பார்வையை நேரா வைங்க" என்றாள் பின்னால் வந்த மாரியாயி.

"தினமும் இதையா சுமக்கறே?"

"தினமும் இவ்வளவு இருக்காது. பாதிதான்."

"கஷ்டம்னு ஒருநாள்கூட நீ சொன்னதில்லையே?"

"சொன்னா நான் என்ன பண்ணேன்னு கேப்பீங்க."

மேலச் சித்திரை வீதியில் முதல் வீட்டு வைஜயந்தி அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். உபவாசத்தில் குரல் இன்னும் கூர்மையாக இருந்தது.

"நாலு நாளா எங்கேடி தொலைஞ்சு போனே? அகத்தி வரலைன்னா நாளைக்கு நான் பாரணைக்கு எங்கே போய் நிப்பேன்? இது யாரு, புது ஆளு?"

"எங்க சபை உபதேசியாருங்கம்மா."

"உபதேசம் பண்றவரா? தலையிலே கூடையோடயா?"

"கடவுள் சொன்னாருன்னு ஒண்ணு தப்பாச் சொல்லிட்டாருங்க. அதான்."

வைஜயந்தி அம்மாள் வீட்டுக்குள்ளே ரேழிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்காத்திலேயும் ஒருத்தர் இருக்கார். பால் திரிஞ்சாக்கூடப் பெருமாள் கோவிச்சுண்டுட்டார்ம்பார். உங்களவாள்லே இந்தத் தண்டனையை யாருடி விதிக்கறா? சித்த கேட்டுச் சொல்லு."

உபதேசியார் வீட்டுக்கு வீடு இறக்கினார், ஏற்றினார். பன்னிரண்டாவது வீட்டில் கூடையை இறக்கியபோது மாரியாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சும்மாட்டை அவர் தலையிலிருந்து எடுத்து உதறித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கொடுங்க" என்றாள்.

கூடை அவள் தலைக்குப் போயிற்று. அவள் நிமிர்ந்து நடந்து, "அகத்தி, அகத்தி" என்று குரல் கொடுத்ததும், உத்தர வீதியில் நாலு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன.

உபதேசியாருக்கு உடம்பெல்லாம் லேசாகி, ஏதோ பெரிய மன்னிப்புக் கிடைத்தது போலிருந்தது. ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த இடத்தில் ஒரு ஜெபம் செய்தால் பொருத்தமாக இருக்கும் என்று வாயைத் திறந்தார்.

"மாரியாயி, நாம கொஞ்ச நேரம் முழங்கால்..."

"இன்னும் பத்து வீடு இருக்குங்கய்யா, பொழுது சாயுது" என்றாள் அவள், திரும்பாமலேயே. "கட்டைப் பிரிச்சுப் பிரிச்சு எடுத்துக் கொடுங்க."

உபதேசியார் ஏனென்று கேட்காமல் அடுத்த கட்டைப் பிரித்தார்.